பால் பையில் போட்ட பத்திரிகை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வேலைக்கு வந்ததற்குக் கையெழுத்துப் போடத்தான். என் எழுத்து வரியில் நிற்காது. பேண்டேஜ் துணியிலிருந்து உருவிப் போட்ட நூல் மாதிரி சுருண்டு கிடக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதிலும் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் நூலகத்து அம்மா. இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் நான் வேலை பார்க்கிறேன். துணியைச் சுருட்டி, வெட்டி, உறை போடுவது என் வேலை. காலை ஆறு மணி ஷிப்டு. இரண்டு மணிக்கு முடிந்ததும் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் பார்ப்பேன். எனக்குப் பிடித்த இடம் அது. அங்கே யாரும் பேசக்கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் அந்த அம்மா, வழக்கமாக வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் மூன்று கட்டங்கள்: சொல், பொருள், பயன்பாடு. நம் பக்கத்தில் புழங்குகிற ஒரு சொல்லை எழுதித் தர வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரில் ஒட்டப் போகிறேன் என்றார். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் சொல் உடனே தோன்றிவிட்டது. முதல் கட்டத்தில் ‘பொல்லாப்பு’ என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் ‘ஒருவன் மேல் ஊரே சேர்ந்து வைக்கிற வெறுப்பு’ என்று எழுதினேன். மூன்றாவது கட்டம் நான்கு விரல் அகலம்தான் இருந்தது. அதற்குள் என் மகளின் கல்யாணம் அடங்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொருளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகை வேறு, பொல்லாப்பு வேறு. பகை என்றால் எதிரே ஒரு ஆள் இருப்பான், அவனோடு சண்டை போடலாம், ஒரு நாள் சமாதானமும் ஆகலாம். பொல்லாப்பில் எதிரே ஆளே கிடையாது. யாரைக் கேட்டாலும் “எனக்கு ஒண்ணுமில்லப்பா, ஊருதான் பேசுது” என்பார்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தச் சொல்லைச் சொல்கிற யாருக்கும் பொல்லாப்பு இருக்காது. கோயில் கறியைப் பங்கு வைக்கக் கூப்பிட்டால், “எனக்கெதுக்குப் பொல்லாப்பு, வேற ஆளப் பாருங்க” என்று நகர்ந்துவிடுவார்கள். குழாயில் யாருக்கு முதல் குடம் என்று கேட்டால் அப்போதும் அதே பேச்சுதான். ஆக, அது வருவதற்கு முன்னால் சொல்கிற சொல். வந்த பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு வந்திருக்கிறது, அதனால் தெரியும்.

மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிலபுலன் உள்ள குடும்பம். அவர்கள் வீட்டில் பாதிப் பேர் போலீஸ், மீதிப் பேர் பட்டாளம். கல்யாணமும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில்தான். எங்கள் தெருக்காரர்கள் போய்வர ஒரு பஸ் பேசியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. தட்டில் வெற்றிலை, மஞ்சள், குங்குமத்தோடு பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போக வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து, கையில் கொடுத்து, எல்லாம் அச்சில் இருந்தாலும் நாள், நேரம், மண்டபம் மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில், “குடும்பத்தோட வந்துரணும்” என்று சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்லாத பத்திரிகை வெறும் காகிதம்தான். இந்த வேலையையெல்லாம் என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். அவள் வன்னியம்பட்டிக்காரி, பேச்சுக்கு அஞ்சாதவள். நான் கூடப் போய் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் வைத்து முடித்து, சேத்தூரில் கடைசி வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் வீங்கிப்போயிற்று. நானே கட்டுப் போட்டேன். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கட்டுத் துணிக்கு வராது.

காலை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “நம்ம தெரு நாப்பத்து மூணு வீடு பாக்கி. நீங்கதான் வைக்கணும்.”

“ஒங்காலு சரியாகட்டும். பொறவு ரெண்டு பேருமாப் போவோம்.”

“காலு சரியாக இருவது நாளாகும். கல்யாணம் பன்னெண்டு நாள்ல வருது. பேரன் பொறந்த பொறவா பத்திரிகை வைப்பீக?”

அன்று சாயங்காலமே தட்டோடு கிளம்பினேன். முதல் வீடு பட்டாளத்தார் வீடு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவில் எதுவானாலும் அவர்தான் முதலில் பேசுவார். கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் நாய் என்னைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றது. என்னைப் போலவே கூச்சப்படுகிற நாய் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் குரைத்தது. உள்ளேயிருந்து “யாரு?” என்று குரல் வந்தது. “நாந்தான்” என்றேன். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மறுபடி “யாருலே அது?” என்று குரல் வந்தது. மறுபடியும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். இரண்டு தரம் சொல்லியாயிற்று என்று திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலையில் வாசலுக்கு வந்தபோது தெருவைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு கேட்டில் பால் பை தொங்கிக்கொண்டிருந்தது. சிலர் வயர் கூடை, சிலர் துணிப்பை. ஐந்தரை மணிக்குப் பால்காரர் சைக்கிளில் வந்து பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பால் தவறாமல் வீட்டுக்குள் போய்விடுகிறது. ஐம்பது வயதுக்குள் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று அப்போது நினைத்தேன். முப்பத்தெட்டுப் பைகளில் பத்திரிகை போட்டேன், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதைத்தான். பை தொங்காத ஐந்து வீடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: “வச்சாச்சா?”

“அஞ்சு வீடுதான் பாக்கி.”

“அம்புட்டு வீட்டுக்கும் எப்பப் போனீக?”

“காலையில.”

“எல்லாரும் என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லல” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. டீக்காரர் கிளாசை என் கையில் தராமல் பலகையில் வைத்தார். திரும்பி வருகிற வழியில் பட்டாளத்தார் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் என் பத்திரிகை இருந்தது. பத்திரிகையா, ஊறப்போட்ட அப்பளமா என்று சந்தேகம் வருகிற மாதிரி இருந்தது. பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் வடியும் என்பதை நான் யோசிக்கவில்லை. காகிதம் நைந்து, மஞ்சள் ஓடி, சிவப்பு எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது.

“ஏலே, கோர்ட்டு சம்மனக்கூடக் கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுத்தான்ல போவான். நீ பாலோட சேத்துப் போட்டுட்டுப் போயிருக்க?”

நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது பல பேருக்குத் தெரியாது.

“சிரிக்கான் பாரு! பொண்ணு பேரு இருக்கு, மாப்பிள்ளை பேரு கரைஞ்சு போச்சு. யாருக்குல கட்டிக் குடுக்க? பால்காரனுக்கா?”

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. குழாயடி எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. அங்கே ஒரு பெண்பிள்ளை, இன்னொருத்தியிடம் சொல்வது போல எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வீட்டுக்கு அரை லிட்டர் பாலு ரெண்டு, கல்யாணம் ஒண்ணு. ஒங்க வீட்டுக்கு எம்புட்டு?”

என் வீட்டுக்காரி கால் கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன் நுனியை அவிழ்த்து மறுபடி செருகினாள்.

“இருவத்தாறு வருசம் இந்தத் தெருவுல ஒரு பொல்லாப்பு இல்லாம இருந்தேன்” என்றாள். “ஒரே காலையில, ஷிப்டுக்குப் போற வழியில, தெருப் பொல்லாப்பு பூராவையும் வாங்கிட்டு வந்துட்டீகளே!”

அப்போது வாசலில் ஆள் அரவம் கேட்டது. எங்களுக்கு இடது பக்கத்து வீட்டுக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பக்கம் சாய்ந்த எங்கள் முருங்கைக் கிளையை, காயோடு வெட்டிவிட்டாள். அன்று முதல் இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை. அவளுக்குப் பத்திரிகை வைக்கவே கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். நாற்பத்து மூன்றில் அந்த வீடு சேராது. ஆனால் அவர்கள் கேட்டிலும் பை தொங்கியது. முப்பத்தொன்பதாவதாகக் கை அதிலும் போட்டுவிட்டது.

வந்தவள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. “மதினி, ஆறு வருசமா ஒரு நல்லது கெட்டதுக்கு இந்த வீட்டுல இருந்து எனக்குச் சொன்னதில்ல. இன்னைக்குப் பாலெடுக்கப் போறேன், உள்ள பத்திரிகை! நனைஞ்சு கெடந்துச்சு. வெயில்ல காயவச்சு, இஸ்திரி போட்டு எடுத்தாந்திருக்கேன், பாருங்க.”

என் வீட்டுக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “அந்த வீட்டுக்குமா வச்சீக?”

“பை தொங்குச்சு” என்றேன்.

“காலு எப்படி இருக்கு மதினி?”

“காலு இருக்குன்னு சொல்லுங்க” என்றாள் வீட்டுக்காரி, என்னிடம்.

“காலு இருக்காம்” என்றேன்.

கிளம்பும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, தெருவே கூடிப் பேசிருச்சு. ஒங்க பஸ்ஸுல ஒருத்தரும் ஏறப்போறதில்லையாம். நான் வாரேன். யாரு வந்தாலும் வராட்டியும் நான் வாரேன்.”

அடுப்படியில் நின்ற மகள் இதைக் கேட்டுவிட்டாள். அவள் அதிகம் பேச மாட்டாள், என்னைப் போல. சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, மாப்பிள்ளை வீட்டுல நூறு பேரு வாசல்ல வந்து நிப்பாக. நம்ம பஸ்ஸுல இருந்து டிரைவரு மட்டும் எறங்குவாரா?”

பொல்லாப்பு என்மேல் என்றால் நான் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அது அவள் தலையில் விழப்போகிறது என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் மறுபடி தட்டை எடுத்தேன். புதுப் பத்திரிகை, புது மஞ்சள். வீட்டுக்காரி மூன்று வரி சொல்லிக் கொடுத்தாள். சுருட்டுகிற மெஷின் சத்தத்துக்குள் நாள் பூராவும் அதைச் சொல்லிப் பார்த்தேன். மெஷின் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோதே மூன்று வரியும் கழன்றுவிட்டது. தட்டை நீட்டியபடி நின்றேன். வீட்டுக்காரர் திட்ட ஆரம்பித்தார்.

அப்படித்தான் மூன்று சாயங்காலம் போயிற்று. நான் போவேன், நிற்பேன், அவர்கள் திட்டுவார்கள். பதில் சொல்லாத ஆளைத் திட்டுவது பெரிய கஷ்டம் என்று அப்போது கண்டுகொண்டேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் சரக்கு இல்லை. ஒருவர் பாதியிலே நிறுத்தி, சம்சாரத்தைப் பார்த்து, “ஏட்டி, நீயும் ரெண்டு சொல்லேன், நான் மட்டுமா கத்தணும்?” என்றார். அந்த அம்மா, “பாவம், நின்னுக்கிட்டே இருக்காரு, மொதல்ல உக்காரச் சொல்லுங்க” என்றார். திட்டி முடித்ததும் எல்லா வீட்டிலும் காப்பி வரும். காப்பி இல்லாவிட்டால் மோர், மோர் இல்லாவிட்டால் கலர் சோடா. பத்திரிகை வைக்கப் போன வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் அது தனிக் குற்றம். ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. இரண்டாம் நாள் பதினொன்றாவது வீட்டில் என் கூச்சமெல்லாம் போய்விட்டது. இந்தத் தெருவில் நான் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சு, “அண்ணாச்சி, பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்பதுதான்.

பட்டாளத்தார் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். அவர் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பேர் வரைக்கும் படித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, “குடும்பத்தோட வந்துரணும்” என்றேன். கண்ணைத் திறந்தபோது நாயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாப்போம்” என்றார்.

எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். பாப்போம். வாரோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாளே மகளும் சொந்தக்காரர்களும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். தெருவை அழைத்துக்கொண்டு போக வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி காலை இழுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். காலை ஆறரைக்குப் பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்தோம். யாரும் வரவில்லை. ஆறே முக்கால் ஆயிற்று. டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். “அண்ணே, கல்யாணம் இன்னைக்குத்தானே?” என்று கேட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தெரு பூராவும் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. எல்லா வீட்டுக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. ஒரு கதவிடுக்கில் பட்டுச் சேலைக் கரை தெரிந்தது. பட்டாளத்தார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜன்னலில் நின்று, பஸ்ஸைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வரக்கூடாது என்று யாருக்கும் இல்லை, முதல் ஆளாக ஏறக்கூடாது என்றுதான் இருந்தது. நாம் முதலில் ஏறினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள், எதற்கு அந்தப் பொல்லாப்பு என்று நாற்பத்து மூன்று வீடும் கிளம்பி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அப்போது இடது பக்கத்து வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. முருங்கை வெட்டியவள் இரண்டு வயர் கூடையோடு வந்தாள். நேராகப் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர சீட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமானாகப் போட ஆரம்பித்தாள். துண்டு, சீப்பு, தண்ணீர்ப் பாட்டில், ஒரு குடை. எல்லாம் போட்டு முடித்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டித் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: “அண்ணே, சன்னல் சீட்டு பூரா நான் போட்டுட்டேன்! எங்க சொந்தக்காரங்க வழியில ஏறுவாக. வேற யாரும் வாரதா இருந்தா நடுவுல உக்காரச் சொல்லுங்க!”

பட்டாளத்தார் வீட்டுக் கதவு முதலில் திறந்தது. “ஏட்டி! பஸ்ஸு தெருவுக்கு விட்டதா, ஒங்குடும்பத்துக்கு விட்டதா? எடு அந்தத் துண்ட!”

“போட்டது போட்டதுதான். மொதல்லயே வந்திருக்கணும்.”

“மொதல்ல வாரதுக்கு நீ யாருட்டி?”

அதற்குள் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. பட்டுச் சேலைகள் ஓடி வந்தன. ஒருவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார். டீக்காரர் பின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். ஐந்து நிமிஷத்தில் பஸ் நிறைந்து, பத்துப் பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரி மெதுவாக ஏறினாள். முன்னால் இருந்த நீள சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு தலையணை கிடந்தது.

“மதினிக்குப் போட்டு வச்சேன். காலு நீட்டணும்ல” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

என் வீட்டுக்காரி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். என்னைத் தேடினாள். சொல்லி அனுப்ப நான் பக்கத்தில் இல்லை, படியில் தொங்கிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் நேராகவே சொன்னாள்: “அந்தச் சன்னலச் செத்த மூடேன். காத்து அடிக்கி.”

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.

வழியில் யாரும் ஏறவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் பூராவும் எட்டிப் பார்த்தது. அவள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவளை எல்லோரும் சேர்ந்து திட்டிக்கொண்டே வந்தார்கள். என்னைத் திட்ட யாருக்கும் நேரம் இல்லை. அவள் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா, அவள் குணமே அதுதானா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை. கேட்கலாம்தான். கேட்க வாய் வரவில்லை.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அணிவகுப்புக்கு நிற்பது போல நின்றார்கள். பஸ் நின்றது. முதலில் நான் இறங்கினேன். என் பின்னால் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மாடி ஜன்னலில் என் மகள் நின்றிருந்தாள். கடைசி ஆள் இறங்கும் வரை அவள் நகரவில்லை. பாதி பூ வைத்த தலையோடு நின்றவளைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். அப்போதும் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பந்தியில் பட்டாளத்தார் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஏலே, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. பாயசம் இலையில ஊத்துவியா, இல்ல பையில போட்டுத் தருவியா?” பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அது பயத்தில் வந்த சிரிப்பு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரியோடு தெருவில் பல பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜன்னல் சீட்டை யாரும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் தினம் போய்ப் பேசுகிறாள். முருங்கை மறுபடி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காயும் பிடித்திருக்கிறது. கேட்டால், “கெடக்கட்டும்” என்கிறாள்.

தாளை மூன்று மாதம் சட்டைப் பையில் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். நூலகத்துச் சுவரில் ஒட்டப் போவதாக அந்த அம்மா சொன்னார். அங்கே பேப்பர் படிக்க எங்கள் தெருக்காரர்களும் வருகிறார்கள், பட்டாளத்தார் உட்பட. அதனால்தான் யார் பேரையும் நான் எழுதவில்லை. கட்டத்துக்குள் அடங்காததால் வேறு தாள்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன், எங்கள் யூனிட் நூலால். அந்த அம்மா சுவரில் ஒட்டுவதாக இருந்தால் கொஞ்சம் உயரமாக ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால், நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது, நூலகம் திறப்பதற்கு முன்னால் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். மத்தியானம் போய்க் கையிலேயே கொடுக்கிறேன்.

தை மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை.